அன்றா, அன்றன்றா?

ஏவலைப் பற்றிப் புகார் சொல்ல நேரில் யாரும் வருவதில்லை. ஏவலிடமே சொல்லிவிடுவார்கள். அது தன்மேல் வந்த புகாரைத் தானே பதிந்து, தானே வருத்தம் தெரிவித்து, பெரும்பாலும் தானே தீர்த்தும் வைத்துவிடும். அதனால் சிங்காநல்லூர் பராமரிப்பு நிலையத்தில் வருகிறவர்கள் உட்கார நாற்காலிகூடப் போட்டிருக்கவில்லை. மரகதவல்லி வந்த அன்று தமயந்தி தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு நின்றபடியே கேட்க வேண்டியதாயிற்று.

“என்ற வீட்டுக்காரர் வெள்ளிக்கிழம தவறாம எனக்குப் பூ அனுப்புவாரு, அம்மணி. போன மாசத்துலருந்து வர்றதில்ல. ஆனா ஏவலக் கேட்டா, ‘அனுப்பியாச்சு, அனுப்பியாச்சு’ங்குது. எந்தச் சிறுக்கி வீட்டுக்குப் போவுதுன்னு எனக்குத் தெரிஞ்சாகோணும்.”

ஏவல் கோயம்புத்தூருக்கு வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. வாயால் சொன்னால் போதும், வேலை நடக்கும். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதை, பறவை என்று எல்லோரும் அழைக்கும் சின்னப் பறக்கும் இயந்திரங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும். அத்தனைக்கும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது பிறை என்ற கணினி மொழி. எங்கு பார்த்தாலும் அடைப்புக்குறிகள், திறக்கும் பிறையும் மூடும் பிறையுமாக. அந்த மொழியை ஒழுங்காகப் படிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் மிகக் குறைவு. தமயந்தி அவர்களில் ஒருத்தி.

பிறையில் மக்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது அரையேவல். ஒரு வேலைக்கு வேண்டிய விவரத்தில் பாதியை இப்போது சொல்லி வைத்துவிடலாம். மீதி எப்போது வந்து சேருகிறதோ அப்போது வேலை நடக்கும். மரகதவல்லியின் கணவர் சென்னியப்பன், பம்புசெட் வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு ஓய்வாக இருப்பவர், ஏவல் வந்த புதிதில் சொல்லி வைத்தது இது: “என் உயிருக்கு மல்லிப்பூ கொண்டு போய்க் குடு. அது வாடாம இருக்க, அதுமேல கொஞ்சம் தண்ணி தெளி.” யாருக்கு என்பது முதல் பாதி. என்றைக்கு என்பது மீதி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த மீதி தானாக வந்து சேர்ந்துகொள்ளும்.

தமயந்தி திரையில் தேடினாள். பெயர் வந்தது. மறுபடியும் தேடினாள். அதே பெயர்தான்.

“சொல்லு அம்மணி. நான் தாங்கிக்குவேன்.”

“லூர்துசாமிங்கறவருக்குப் போயிருக்குதுங்கம்மா.”

“எந்த லூர்துசாமி?”

“ஓய்வு பெற்ற டிராஃபிக் இன்ஸ்பெக்டர்னு போட்டிருக்கு.”

மரகதவல்லி நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். “இவருகூடக் கேரம் விளையாடற லூர்தண்ணனா?”

“பறவை பூவக் குடுக்கும்போது ஐயா குரல்ல ‘என் உயிரே, இந்தா’ன்னு சொல்லுமே, அதையும் ஒவ்வொரு வாரமும் சொல்லியிருக்குதுங்க.”

“ஒரு பொம்பளையா இருந்தாக்கூட வாசல்ல நின்னு நாலு வார்த்த கேட்டிருப்பேன்.” மரகதவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அந்த மனுசனப் போயி என்னன்னு கேக்கறது?”

அவர் போன பிறகு மேலாளர் நாச்சிமுத்து எட்டிப் பார்த்தார். எந்தப் புகாரையும் அரை நிமிடத்தில் முடித்துவிடுவதில் பெயர் வாங்கியவர். “பயனர் பிழைன்னு போட்டு மூடீரும்மா. அந்தாளு எதையோ மாத்திச் சொல்லிட்டு மறந்திருப்பாரு.”

“ஒரு எழுத்துக்கூட மாறல சார்.”

“அப்ப அவரு மனசு மாறியிருக்கும். அதுக்கு நாம என்ன பண்றது?”

அவர் விளையாட்டாகச் சொன்னதுதான் பாதி உண்மை என்பது அன்று மாலை தமயந்தியின் அம்மா உடுமலையிலிருந்து அழைத்தபோது தெரிந்தது.

“ஏன்டி, மத்தியானமும் பிஸ்கட்டுதானா? நேத்து அந்த நாச்சிமுத்து திட்டினதுக்குப் பாத்ரூம்ல போயி அழுதியாமே?”

“யாரும்மா சொன்னது?”

“யாரு சொல்லுவா? உன்ற ஏவல்தான்.”

தமயந்திக்குச் சுருக்கென்றது. வேலையில் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கிய நாளில் அவளும் ஓர் அரையேவல் சொல்லி வைத்திருந்தாள். நான் எப்படி இருக்கிறேன் என்பதை, அம்மா கேட்கும்போதெல்லாம் அம்மாவிடம் சொல். சொன்ன நேரத்தில் அவள் மிக நன்றாக இருந்தாள். அந்த விடையை ஏவல் பிடித்து வைத்துக்கொண்டு வருடக்கணக்காக ‘ரொம்ப நல்லா இருக்கா’ என்றே சொல்லி வந்தது. அம்மாவும் நிம்மதியாக இருந்தாள். தமயந்திக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. இப்போது ஒரு மாதமாக அது உண்மையைச் சொல்லத் தொடங்கியிருக்கிறது.

போன மாதம் என்ன நடந்தது? அடுத்த நாள் காலை நிரலைத் திறந்து பார்த்தவள், நேராக நாச்சிமுத்துவின் அறைக்குப் போனாள்.

“சார், அரையேவல மேக்ரோவா மாத்துனது யாரு?”

நாச்சிமுத்து கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நான்தான். வேகம் ரெட்டிப்பாயிருச்சு, பாத்தியா? தலைமை அலுவலகத்துல பாராட்டினாங்க.”

“மேக்ரோன்னா எழுதுன சொல்ல அப்படியே எடுத்து, நீளமா விரிச்சு, நிரலுக்குள்ள ஒட்டறதுதானே சார்? முன்னாடி அரையேவலுக்குள்ள போனது ஆக்கின சோறு. ‘என் உயிர்’னு சொன்னா, அது யாருன்னு அப்பவே கணக்குப் போட்டு, மரகதவல்லின்னு ஆளாத்தான் உள்ள போச்சு. இப்ப உள்ள போறது அரிசி. ‘என் உயிர்’ங்கற வார்த்த அப்படியே போயி உக்காந்துக்குது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புதுசா உலை வெச்சு ஆக்குது.”

“ஆக்கினா என்ன? அதே சோறுதானே வரோணும்?”

“வருசம் போன பின்னாடி எப்படி சார் அதே சோறு வரும்? அந்த ஐயா யாரப் பாத்தா சிரிக்கறாரு, யாரப் பாக்கப் போகும்போது வேகமா நடக்கறாரு, யாருகிட்டப் பேசும்போது நாடி நல்லாத் துடிக்குதுன்னு ஏவலுக்குத் தெரியும். இன்னைய தேதிக்கு அது லூர்துசாமி.”

நாச்சிமுத்து நாற்காலியில் சாய்ந்தார். “என்ற வீட்டுக்காரிக்கும் நான் ஒண்ணு சொல்லி வெச்சிருந்தனே,” என்றார் மெல்ல. பிறகு அவசரமாக எழுந்தார். “இன்னைக்கே சரி பண்ணீரும்மா.”

அவரைவிட அவசரப்பட்டவர் ஒருவர் இருந்தார், வார்டு கவுன்சிலர். குப்பை, சாக்கடை, தெருவிளக்கு என்று ‘எங்க வார்டு கவுன்சிலருக்கு’ மக்கள் சொல்லி வைத்திருந்த அரையேவல்கள் எல்லாம், எப்போதோ தோற்றுப்போய் வால்பாறையில் மிளகு பயிரிட்டுக்கொண்டிருந்த பழைய கவுன்சிலருக்கே இத்தனை காலமும் போய்க்கொண்டிருந்தன. அவர் அவற்றைத் திறந்து பார்ப்பதே இல்லை. நாச்சிமுத்துவின் மேக்ரோ வந்த பிறகு அத்தனையும் இப்போது பதவியில் இருப்பவரைத் தேடி வர ஆரம்பித்துவிட்டன.

“ஒரு மாசமாத் தூங்க முடியலைங்க,” என்று அவர் நிலையத்துக்கு வந்து புலம்பினார். “எந்தத் தெருவுல போனாலும் வேலை கெடக்குது. என்னமோ பிழையாமே? உடனே திருத்துங்க. மக்கள் பாதிக்கப்படறாங்க.”

“எந்த மக்கள் சார்?” என்று தமயந்தி கேட்டாள்.

இருந்தும் பிழை பிழைதான். சொன்னவருக்கே தெரியாமல் சொல்லின் பொருள் மாறுவதை எந்தப் பொறியாளராலும் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. அதோடு, அம்மா அன்று மட்டும் மூன்றாவது தடவையாக அழைத்துவிட்டாள். தமயந்தி உட்கார்ந்து திருத்தினாள். வேலை ஒன்றும் பெரிதில்லை. மேக்ரோ விரியும்போதே முதல் பாதியை ஒரே தடவை கணக்குப் போட்டு, விடையை ஒரு பெயருக்குள் பத்திரமாக வைத்துவிட வேண்டும். பிறகு எத்தனை தடவை கூப்பிட்டாலும் அந்தப் பெயரில் இருப்பதையே எடுக்கும். ஏற்கெனவே சொல்லி வைத்தவர்களுக்குப் பழைய விடைகள் பழைய பிரதியில் இருந்தன; அவற்றை எடுத்துப் போட்டால் போதும். விடையை வைக்கும் பெயருக்குச் சின்னதாக ஏதாவது வேண்டுமே என்று, கை போன போக்கில் ‘அது’ என்று எழுதினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மரகதவல்லி மறுபடி வந்தார். பட்டுச்சேலை உடம்போடு ஒட்டியிருந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கையில் வாடாத மல்லிப்பூ.

“பூ வந்துருச்சுங்களா?” என்றாள் தமயந்தி.

“வந்துருச்சு கண்ணு. நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. சபையே பாத்துட்டு இருக்குது. பறவ வந்து ‘என் உயிரே, இந்தா’ன்னுச்சு. எல்லாரும் ஓன்னு சத்தம் போட்டாங்க, எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு. அப்பறம் அது போகோணுமா இல்லையா? போகல. என்ற தலைக்கு மேல வந்து நின்னு தண்ணி தெளிச்சுது. தெளிச்சுதுன்னா, குளிப்பாட்டிவிட்டுச்சு.”

தமயந்தி கண்ணை மூடிக்கொண்டாள். அதுமேல தண்ணி தெளி. சென்னியப்பன் சொன்ன ‘அது’ பூ. அவள் வைத்த ‘அது’ மரகதவல்லி. மேக்ரோ விரிந்தபோது இரண்டு ‘அது’வும் ஒன்றோடொன்று கலந்து, அவளுடைய ‘அது’ அவருடைய ‘அது’வை விழுங்கிவிட்டது.

“என்ற தப்புதாங்கம்மா,” என்று சொல்லித் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

தப்பு அங்கேயே நின்றிருந்தால் பரவாயில்லை. கவுன்சிலர் ஓர் அரையேவல் வைத்திருந்தார். “என் வார்டு மக்கள் எல்லாருக்கும் நான் தர்ற சேதியக் கொண்டு போ. அத வாசல்ல நின்னு ரெண்டு தடவ உரக்கச் சொல்லு.” அன்று காலை அவர் தந்த சேதி, தெருவிளக்கு சீக்கிரம் வரும் என்பது. அவர் சொன்ன ‘அத’ இப்போது சேதியிலிருந்து மக்களுக்கு மாறிவிட, பறவைகள் சேதியை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு வாசலிலும் நின்று, வார்டில் இருக்கும் அத்தனை மக்களின் பெயரையும் உரக்கச் சொல்ல ஆரம்பித்தன. அகரவரிசையில், இரண்டு தடவை. ‘க’ வரிசைக்கு, கமலக்கண்ணனுக்கு வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஜனங்கள் வேலையை விட்டுவிட்டு வாசலில் நின்று தங்கள் பெயருக்காகக் காத்திருந்தார்கள். தன் பெயர் வந்ததும் ஒரு பெரியம்மா அழுதேவிட்டாராம். எங்களை ஞாபகம் வைத்திருக்கிற ஒரே கவுன்சிலர் இவர்தான் என்று தெருவில் பேச்சு. அவர் மட்டும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார், பறவைகளை நிறுத்தச் சொல்லி.

இந்த முறை தமயந்தி பெயர் வைக்கும் வேலையைத் தான் செய்யவில்லை. கணினியையே வைக்கச் சொன்னாள். மனித வாய்க்கு வராத, வேறு எந்த நிரலிலும் இருக்க முடியாத ஒரு பெயரை ஒவ்வொரு தடவையும் அது புதிதாக உண்டாக்கிக்கொள்ளும். ஓட்டிப் பார்த்தாள், சரியாக இருந்தது. பூ மரகதவல்லிக்கு, தண்ணீர் பூவுக்கு, புகார்கள் வால்பாறைக்கு. உடுமலைக்கு ‘ரொம்ப நல்லா இருக்கா’.

நாச்சிமுத்து லட்டு வாங்கிக் கொடுத்தார். தமயந்தியால் முழுதாகச் சாப்பிட முடியவில்லை. சாக்கடை அடைத்துக்கொண்ட தெருவில்தான் அவளும் குடியிருந்தாள்.

அடுத்த வாரம் நிலையத்துக்கு ஒருவர் வந்தார். உயரமான மனிதர், தேய்த்த சட்டை, முறுக்கிவிட்ட மீசை. உட்காரச் சொன்னதற்கு, நின்றே பழக்கம் என்றார்.

“நான் லூர்துசாமிம்மா. எனக்குக் கொஞ்ச நாளா ஒரு பூ வந்துட்டு இருந்துச்சு. இப்ப வரல. நின்னுடுச்சான்னு கேக்கலாம்னு வந்தேன்.”

“அது தப்பா வந்ததுங்க சார். மன்னிச்சுக்கோங்க.”

“தப்பா வந்ததுதான்னு எனக்குத் தெரியாதா? குரலே அவன் குரல். ‘என் உயிரே’ங்குது. முத நாளு சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு.”

“சென்னியப்பன் ஐயாகிட்ட நீங்க சொல்லலியா?”

“சொன்னா நிறுத்திடுவானே.” அவர் சன்னல் பக்கம் பார்த்தார். “வீட்டுக்காரம்மா போனப்பறம் எங்க வாசலுக்கு யாரும் எதுவும் கொண்டாந்ததில்ல. அந்தப் பூவ மாதா படத்துக்குப் போடுவேன். அது ஒண்ணும் பெருசில்ல. வெள்ளிக்கிழமை ஆனா சவரம் பண்ணிட்டு, சட்டைய மாட்டிக்கிட்டு, வாசல்ல உக்காந்துட்டு இருப்பேன். அவ்வளவுதான். சரிம்மா, வர்றேன்.”

அவர் படியிறங்கிப் போகும்வரை தமயந்தி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாச்சிமுத்துவிடம் போனாள்.

“சார், நாம திருத்துனது சரிதான். ஆனா நீங்க பண்ணுன பிழையும் சரிதான்.”

“எங்கிட்ட இப்படிப் பேசுன மொத ஆளு நீதான்,” என்றார் நாச்சிமுத்து சந்தேகத்தோடு.

“சில பேரு அன்னைக்குச் சொன்ன ஆளுக்கேன்னு நெனச்சு சொல்றாங்க. சில பேரு அந்தந்த நேரத்துக்கு யாரோ அவங்களுக்குன்னு நெனச்சு சொல்றாங்க. நாம ரெண்டுக்கும் ஒரே கருவியக் குடுத்து வெச்சிருக்கோம். ரெண்டாப் பிரிச்சரலாம் சார். ஒண்ணு, அன்று. ஒரே தடவ கணக்குப் போட்டு வெச்சுக்கும். இன்னொண்ணு, அன்றன்று. ஒவ்வொரு தடவையும் புதுசாப் போடும். எது வேணும்னு அவங்கவங்களே சொல்லட்டும்.”

நாச்சிமுத்து மறுக்கத்தான் வாயெடுத்தார். ஆனால் இனி எது தவறினாலும் தேர்ந்தெடுத்தவர்தான் பொறுப்பு என்று தோன்றியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டே வாரத்தில் ஊரில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஏவல் அந்தக் கேள்வியைக் கேட்டது. உங்கள் அரையேவல் அன்றா, அன்றன்றா?

கோயம்புத்தூர் அதுவரை அப்படி ஒரு கலவரத்தைப் பார்த்ததில்லை. அன்று என்று சொன்ன கணவர்களிடம், அப்படியென்றால் இன்றைக்கு நான் இல்லையா என்று மனைவிகள் கேட்டார்கள். அன்றன்று என்று சொன்னவர்களிடம், ஓ, மாறுவதாக வேறு உத்தேசமா என்று கேட்டார்கள். காதலர்கள் முகம் பார்த்துப் பேசுவதை நிறுத்தினார்கள். கவுன்சிலர் வீடு வீடாகப் போய், புகார்களுக்கு அன்று என்று சொல்லும்படி கும்பிட்டுக் கேட்டார், ஒருவர்கூடக் கேட்கவில்லை. தமயந்தி தன்னுடையதை அன்றன்று என்று வைத்தாள். அதன் பலனாக அம்மா கூடை நிறையச் சாமான்களோடு வந்து இறங்கி, வேளாவேளைக்குச் சோறு போட்டு, தலையணை உறையைக்கூட மாற்றினாள். ஒரு நாள் பழக்கத்தில், மகள் எப்படி இருக்கிறாள் என்று ஏவலிடம் அம்மா கேட்டபோது, அம்மா எப்போது ஊருக்குப் போவாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்றது அது. அம்மா அன்று மாலையே பஸ் ஏறினாள். ஆனால் சிரித்துக்கொண்டேதான் ஏறினாள்.

பதில் சொல்ல ஏவல் கொடுத்த கெடு முடிகிற நாளில் சென்னியப்பன் வேர்த்து விறுவிறுத்து நிலையத்துக்கு வந்தார். பின்னாலேயே மரகதவல்லி. தமயந்தி இதற்குள் இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டிருந்தாள். லூர்துசாமி சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் காத்திருந்த கதையையும் மரகதவல்லியிடம் சொல்லியிருந்தாள்.

“அம்மணி, நீயே ஏதாச்சும் ஒண்ணப் போட்டுரு,” என்று கெஞ்சினார் சென்னியப்பன். “எனக்குப் புரியல.”

“சொல்லி வெச்சவருதான் சொல்லோணுங்க. நான் சொல்லக்கூடாது.”

அவர் மனைவி பக்கம் திரும்பினார். “மரகதம், உனக்கு எது வேணும்?”

“நீங்க அனுப்பற பூவு. நீங்களே சொல்லுங்க.”

“அன்றுன்னு போட்டா?”

“போடுங்க. அன்னைக்கு இருந்த ஆசைக்கு இன்னைக்குப் பூ வாங்கிக்கறேன்.”

“அன்றன்றுன்னா?”

“போடுங்க. லூர்தண்ணன் வீட்டு வாசல்லயே நானும் போயி உக்காந்துக்கறேன். வரும்போது பாக்கவாச்சும் செய்யலாம்.”

சென்னியப்பன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருட வியாபாரத்தில் அவர் இப்படி மாட்டிக்கொண்டதில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில், “அத எடுத்துரும்மா,” என்றார்.

“எதைங்க?”

“அரையேவல. ரெண்டும் வேண்டாம். எனக்குக் கையில்லையா, காலில்லையா? வெள்ளிக்கிழமயானா நானே போயி வாங்கிக் குடுத்துக்கறேன்.” சொல்லிவிட்டு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது போலும், மனைவியின் முகத்தைப் பார்த்தார். “இன்னைக்கு வெள்ளிக்கிழமதானே? வா, போற வழியில மல்லி வாங்கிட்டுப் போலாம்.”

மரகதவல்லி எழுந்திருக்கவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“மல்லி வேண்டாங்க. எனக்கு அந்த வாசம் ஆகாது. தல வலிக்கும்.”

“எப்பத்துலருந்து?”

“கல்யாணத்தன்னைக்கு மால போட்டீங்களே, அப்பத்துலருந்து.”

“அடக் கடவுளே. ஒரு வார்த்த சொல்லலையே!”

“ஆசையா அனுப்பறீங்க. எப்படிச் சொல்றது? வந்தவுடனே பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் குடுத்துருவேன்.”

தமயந்தி பொறுக்கமாட்டாமல் கேட்டாள். “அப்பறம் ஏம்மா அன்னைக்கு அத்தன கோவமா வந்தீங்க?”

“நல்லாக் கேட்ட போ. வேண்டாம்னு எடுத்துக் குடுக்கறதுக்கும் அது எனக்கு வந்திருக்கோணுமல்ல?”

சென்னியப்பன் தலையைச் சொறிந்தார். கதவுவரை போனார், திரும்பி வந்தார். “அப்ப என்ன பூவுதான் வாங்கட்டும்?” என்று, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை போலக் கேட்டார்.

“எனக்கு ஒரு ரோசா போதும். சேப்பு.” மரகதவல்லி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். “அப்படியே ரெண்டு மொழம் மல்லியும் வாங்கிக்கோங்க. லூர்தண்ணன் சட்டையெல்லாம் போட்டுட்டு உக்காந்திருப்பாரு.”